கட்டிலோரப் பெற்றோர்: மூளைக்கட்டி வைத்தியத்தில் ஒரு குழந்தையை வளர்ப்பது

ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த ஒரு படம் 1952-இல் வெளிவந்தது. லண்டன் மருத்துவமனையில் எட்டு நாள் தங்கும் இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமிதான் அதில் எல்லாமே. தொப்புள் குடலிறக்கத்துக்கு ஒரு சின்ன அறுவை. அந்தக் காலத்து வழக்கப்படி அம்மா உடன் தங்கக் கூடாது. பார்வை நேரத்தில் வந்து போகலாம். குழந்தை அப்படியொன்றும் கதறவில்லை. நல்ல பிள்ளையாக இருக்கிறாள், அவ்வப்போது அம்மாவைத் தேடுகிறாள், வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அம்மாவின் கையைப் பிடிக்க மறுத்துவிடுகிறாள். ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் படத்தைப் போட்டுக் காட்டியபோது மருத்துவர்கள் பலர் கொதித்தார்கள். ஏழு வருடம் கழித்து, 1959-இல், பிளாட் குழுவின் அறிக்கை வந்தது. பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தை என்றால் தாய் உடன் தங்க இடம் தர வேண்டும் என்றது அது. சொன்னதை நடைமுறைக்குக் கொண்டுவர 1961-இல் தாய்மார்களே ஒரு சங்கம் வைத்துப் போராட வேண்டியிருந்தது.

நம்மூர் வாசகருக்கு இது விநோதமாகத் தோன்றும். இங்கே துணைக்கு ஆள் இல்லாவிட்டால் குழந்தையை வார்டில் சேர்ப்பதே கஷ்டம். அம்மா கட்டிலோரத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பாள். விடிந்ததும் பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ரத்தக் குப்பியை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடுவாள். டிரிப் தீர்ந்தால் சிஸ்டரைக் கூப்பிடுவாள். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைப்பாள். ஸ்கேன் அறைக்கு வண்டி தள்ளுவாள். ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும் ‘கொஞ்சம் வெளியே இருங்கம்மா’ என்பார்கள். இங்கிலாந்து தாயை வெளியே நிறுத்தி வைத்தது. நாம் உள்ளே விட்டோம், வேலையைக் கொடுத்தோம், விவரத்தைக் கொடுக்கவில்லை. குழந்தைகளின் மூளைக்கட்டி பற்றி உலகெங்கும் சேர்ந்திருக்கும் அனுபவத்தைப் பார்த்தால், நம் பக்கத்துக் குறை அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ரத்தப் புற்றுக்கு அடுத்தபடியாகக் குழந்தைகளுக்கு அதிகம் வருவது மூளைக்கட்டி. ஒரே பெயரில் சொன்னாலும் வகைகள் பல. சிறுமூளையில் வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா பெரும்பாலும் அறுவையோடு தீர்ந்துவிடும். மெடுல்லோபிளாஸ்டோமா அப்படி விடாது. அறுவை, கதிர்வீச்சு, கீமோ என ஏறத்தாழ ஒரு வருடத்தைத் தின்னும். 1925-இல் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் இதற்குப் பெயர் வைத்தபோது பிழைத்தவர் அபூர்வம். இன்று நல்ல வசதியுள்ள நாடுகளில், நோய் பரவாமல் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். மூளைத்தண்டில் வரும் டி.ஐ.பி.ஜி. என்ற கட்டியிலோ, கண்டுபிடித்ததிலிருந்து இரண்டு வருடம் தாண்டுவதே அரிது. ஆக, ‘மூளையில் கட்டி’ என்று கேட்டவுடன் உறவுக்காரர்கள் சொல்லும் ஆறுதலும் அச்சமும் இரண்டுமே பொருந்தாமல் போகலாம். எந்த வகை, எந்த நிலை என்று பெற்றோர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பயாப்சி அறிக்கையின் நகலைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

கண்டுபிடிப்பதற்குள்ளேயே பல குடும்பங்கள் பாதி களைத்துவிடுகின்றன. காலையில் எழுந்ததும் வாந்தி, வாந்திக்குப் பிறகு குழந்தை தெளிவாக விளையாடுவது, நடையில் தள்ளாட்டம், புதிதாக வந்த மாறுகண், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது, கைக்குழந்தை என்றால் தலை சுற்றளவு வேகமாகக் கூடுவது. இவை தனித்தனியே வரும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரணக் காரணம் கிடைத்துவிடும். வாந்திக்கு வயிற்று மருந்து, மாறுகண்ணுக்குக் கண்ணாடி, தள்ளாட்டத்துக்கு டானிக், எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திருஷ்டி சுற்றல். இது நம் ஊருக்கு மட்டுமான கதை இல்லை. பிரிட்டனில் அறிகுறி தொடங்கியதிலிருந்து நோயைக் கண்டுபிடிக்க நடுவாந்திரமாக 14 வாரம் ஆகிக்கொண்டிருந்தது. 2011-இல் ‘ஹெட்ஸ்மார்ட்’ என்ற விழிப்புணர்வு இயக்கம் தொடங்கியது; பெற்றோருக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் வயதுவாரியாக அறிகுறிகளை அச்சிட்ட ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். 2013 வாக்கில் அந்த 14 வாரம் 7 வாரத்துக்கும் கீழே இறங்கியது. ஓர் அட்டைக்கு இவ்வளவு பலன் இருக்குமானால், நம் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் சும்மா கிடப்பதற்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

தாமதம் பெற்றோர் மனத்தில் பழியாக உட்கார்ந்துவிடும். ‘அப்பவே ஸ்கேன் எடுத்திருந்தா’ என்ற வாக்கியத்தை எந்தக் குழந்தைப் புற்றுநோய் வார்டிலும் கேட்கலாம். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உணவோ, கைபேசியோ, தலையில் பட்ட அடியோ, கர்ப்ப காலத்தில் செய்த ஏதோ ஒன்றோ காரணம் இல்லை. ஒரு சிறு பங்குதான் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் வருகிறது. இதை மருத்துவர் வாய்விட்டு, இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டார் முன்னிலையில் சொன்னால் இன்னும் உத்தமம்.

அடுத்தது அறுவை. தலையில் நீர் கோத்திருந்தால் அதை வடிக்கத் தற்காலிகக் குழாயோ, வயிற்றுக்குள் கொண்டுபோய் விடும் ஷன்ட்டோ வைப்பார்கள். பிறகு கட்டியை எடுப்பார்கள். ஆறேழு மணி நேரம் வெளியே காத்திருந்த பெற்றோரிடம் ‘நல்லபடியா முடிஞ்சது’ என்று சொல்லப்படும். மறுநாள் குழந்தை கண் விழித்து இரண்டொரு சொல் பேசும். அதற்கடுத்த நாள் பேச்சு நின்றுவிடும். சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமாவை அகற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இப்படி நடக்கிறது. அறுவைக்குப் பின் ஓரிரு நாளில் பேச்சு மறைகிறது, உடல் துவள்கிறது, சமாதானப்படுத்தவே முடியாத ஒரு சிணுங்கல் வருகிறது, விழுங்கச் சிரமம் என்பதால் மூக்கு வழியே குழாய் விட்டுப் பால் ஊற்ற வேண்டிவருகிறது. 1985-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் சிறுமூளையிலிருந்து வரும் ஊமைநிலை என்று இதை எழுதினார்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்து, பெரும்பாலும் பேச்சு திரும்புகிறது. ஆனால் தெளிவு குறைந்து, மெதுவாக, ஒவ்வொரு அசையாக.

இந்த நாட்களில் கட்டிலோரத்தில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். வருகிற ஒவ்வொருவரும் குழந்தையைச் சோதிக்கிறார்கள். ‘அம்மா சொல்லு’, ‘இது யாரு சொல்லு’, ‘தாத்தாவைப் பாரு, பேச மாட்டியா, தாத்தா மேல கோபமா?’ குழந்தைக்குக் காது கேட்கிறது, சொல்வது புரிகிறது. சொல்ல நினைத்தது வாய்க்கு வர மறுக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் ஒரு தோல்வியாக முடிய, அது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறது. பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்வது நேர்மாறானது. கேள்வி கேட்பதை நிறுத்துங்கள், நீங்கள் பேசுங்கள். ‘இப்ப அம்மா உன் கால்ல எண்ணெய் தடவப்போறேன். ஜன்னல்ல காக்கா உக்காந்திருக்கு.’ கண் சிமிட்டினால் ஆமாம் என்று ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வீட்டில் பாடிய தாலாட்டோ, பார்த்த கார்ட்டூன் பாட்டோ அதே நேரத்தில் அதே வரிசையில் வரட்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. செய்யக்கூடிய ஒரே ஆள் பெற்றவர்தான். ஆனால் இப்படி ஆகலாம் என்று அறுவைக்கு முன் யாராவது சொல்லியிருந்தால்தானே அவரால் நிதானமாகச் செய்ய முடியும்? சம்மதப் படிவத்தில் அச்சடித்திருப்பதைச் சொன்னதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறுவையின் வீக்கத்தைக் குறைக்கத் தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வேறொரு சோதனை. அகோரப் பசி. ராத்திரி இரண்டு மணிக்கு இட்லி வேண்டும், இட்லி வந்ததும் பூரி வேண்டும், பூரி வருவதற்குள் தட்டு பறக்கும். முகம் நிலவாக வீங்கும். மருத்துவ நூல்கள் இந்த முக வீக்கத்துக்கு வைத்திருக்கும் பெயரிலும் குஷிங்தான் இருக்கிறார், கட்டிக்குப் பெயரிட்ட அதே மனிதர். தூக்கமில்லை, சிடுசிடுப்பு, அடி, கடி. மூன்று வயதுக் குழந்தையின் இயல்பான அடம் எது, மருந்தின் வேலை எது என்று பிரித்துப் பார்க்கத் தாயாலேயே முடியாது.

இங்கேதான் வளர்ப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. 1964-இல் மோரிஸ் கிரீன், ஆல்பர்ட் சால்நிட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பிய குழந்தைகளின் குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். பிழைத்த பிறகும் பெற்றோர் அந்தக் குழந்தையை எப்போது வேண்டுமானாலும் போய்விடக் கூடியதாகவே நடத்துகிறார்கள், எதையும் மறுக்க முடிவதில்லை, பிரிய முடிவதில்லை, குழந்தையும் தூங்குவதற்கும் பள்ளிக்குப் போவதற்கும் அஞ்சுகிறது. நம் வீடுகளில் இது இன்னும் பெரிதாக நடக்கும், ஏனென்றால் நம்மிடம் பாட்டி, தாத்தா, சித்தி, மாமா என்று மறுக்க முடியாதவர்களின் பட்டாளமே உண்டு. கேட்டதெல்லாம் கிடைக்கும் உலகம் குழந்தைக்கு இன்பமாக இருக்கும் என்று நினைக்கிறோம். நேற்றுவரை ‘ஒரு சாக்லேட் போதும்’ என்ற அம்மா இன்று டப்பாவையே கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தால், ஏதோ பெரிய விபரீதம் என்று அதற்குப் புரிந்துவிடும். பசிக்குத் தின்னக் கொடுங்கள். அது மருந்தின் வேலை. சிஸ்டரை அடித்தால் ‘அடிக்கக் கூடாது’ என்பது பழையபடியே இருக்கட்டும். தூங்கும் முன் பல் தேய்ப்பது இருக்கட்டும். கீமோவில் வாய்ப்புண் வரும் குழந்தைக்கு அது வைத்தியமும்கூட.

இதற்கு எதிர்த்தரப்பும் உண்டு. இவ்வளவு வேதனைப்படும் பிள்ளையிடம் ஒழுங்கு பேசுவதா என்று கேட்பவர்களின் ஈரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் எதுவுமே இல்லை. எப்போது குத்துவார்கள், எப்போது சோறு வரும், எங்கே தூக்கிப் போவார்கள், எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே சட்டம் அம்மாவின் சட்டம். அதையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன?

கதிர்வீச்சை நம் மக்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு மூளை முழுவதும், முதுகுத்தண்டு முழுவதும் கதிர் பாய்ச்ச வேண்டும். பிறகு கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதலாக. வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். வளரும் மூளைக்கு இது கொடுக்கும் சேதம் பெரிது என்பதால் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முடிந்தவரை தவிர்க்கப் பார்க்கிறார்கள். கீமோவை முதலில் கொடுத்துக் கதிர்வீச்சை ஓரிரு வருடம் தள்ளிப்போடலாம் என்று காட்டிய அமெரிக்க ஆய்வு 1993-இல் வெளியானது. கைக்குழந்தைகளுக்கான இன்றைய வைத்திய முறைகளின் வேர் அதுவே. சுற்றியுள்ள திசுவில் கதிர் குறைவாகப் படும் புரோட்டான் முறை சென்னைத் தரமணியில் 2019-இலும் நவி மும்பையில் டாட்டா மெமோரியலின் கார்கர் வளாகத்தில் 2023-இலும் வந்தது.

சின்னக் குழந்தை அசையாமல் படுக்காது. எனவே ஒவ்வொரு நாளும் மயக்கம் கொடுக்க வேண்டும். அதற்கு வெறும் வயிறு வேண்டும். முப்பது நாள், காலைப் பசியோடு ஒரு குழந்தை காத்திருப்புக் கூடத்தில் எதிரே பன் தின்னும் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எட்டு மணி என்றது பதினொன்றாகிறது, ‘மெஷின் ரிப்பேர்’ என்று ஒரு மணியாகிறது. ‘ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் கூடாது’ என்று மொத்தமாகச் சொல்லி அனுப்புவது பல இடங்களில் வழக்கம். மயக்கவியல் விதி அவ்வளவு கொடூரமானது இல்லை: திட உணவுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்துக்கு இரண்டு, சில நாடுகளில் அதையும் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். எனவே தாய் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சின்னக் குழந்தைக்கு வரிசையில் முதல் இடத்தைத் தர முடியுமா? எத்தனை மணி வரை சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம்? கேட்டால் முறைப்பார்கள். கேட்கலாம்.

மயக்கமே வேண்டாமென்று ஆக்கவும் வழி உண்டு. தலையை அசையாமல் பிடிக்க, வெந்நீரில் இளக்கிய வலைத்தகடு ஒன்றை முகத்தின் மேல் அழுத்தி முகமூடி செய்வார்கள். பயத்தின் முக்கால் பங்கு அதில்தான். முகமூடியில் புலியோ அனுமாரோ வரைந்து கொடுத்து, முதலில் பொம்மைக்கு மாட்டி, பிறகு அப்பாவுக்கு மாட்டி, வெறும் மேசையில் இரண்டு நிமிடம் படுத்துப் பழக்கி, அறைக்கு வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் அம்மா கதை சொல்லிக்கொண்டே இருந்தால் ஐந்தாறு வயதுக் குழந்தைகள் பலர் விழித்தபடியே படுத்துவிடுகிறார்கள். விளையாட்டு வழியே குழந்தையைத் தயார்படுத்தும் இந்தக் கலைக்கு அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலே உண்டு. எம்மா பிளாங்க் 1955-இல் கிளீவ்லாந்து மருத்துவமனையில் தொடங்கிய பணி அதன் முன்னோடிகளில் ஒன்று. நம் ஊரில் அந்த வேலையை ஒரு நல்ல மனசுள்ள டெக்னீஷியன் செய்கிறார், அல்லது யாரும் செய்வதில்லை.

ஊசி விஷயத்தில் நம் வளர்ப்பு முறையே கடன் வைத்திருக்கிறது. ‘சாப்பிடலேன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாங்க’ என்று சொல்லாத வீடு எது? சாப்பிட்டும் ஊசி விழும் இடத்துக்கு வந்த பிறகு அந்தக் குழந்தைக்கு ஒரு கணக்கு ஓடுகிறது: ஏதோ தப்பு செய்துவிட்டோம். மூன்று, நான்கு வயதில் எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று நினைப்பது இயற்கை. அதன்மேல் நம் மிரட்டலும் சேர்கிறது. பிறகு பொய். ‘ஊசி இல்லடா, சும்மா பார்க்கத்தான் போறோம்.’ ஒரு முறை பலிக்கும். அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே அலறல், அதற்கடுத்து ஆட்டோ ஏறும்போதே. நான்கு பேர் கைகாலை அமுக்கிப் பிடிக்க, அமுக்குபவர்களில் ஒருவராக அம்மாவையும் நிறுத்துவது மிக மோசமான ஏற்பாடு. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மார்போடு அணைத்து, ஒரு கையை மட்டும் நீட்டச் செய்தால் போதும்; தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவினால் வலி குறையும். ‘குத்தும், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அம்மா பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்’ என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே பத்துக்குள் முடித்தால் ஒரு நம்பிக்கை சேமிப்பில் விழுகிறது.

உண்மையை எவ்வளவு சொல்வது என்பதில் ஆய்வுகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒரே பக்கம் நிற்கின்றன. மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் அமெரிக்க மருத்துவமனையில் மூன்று முதல் ஒன்பது வயதுவரையான ரத்தப்புற்றுக் குழந்தைகளோடு இருந்து 1978-இல் ஒரு நூல் எழுதினார். யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தங்கள் முடிவு தெரிந்திருந்தது. பக்கத்துக் கட்டில் காலியானதையும், மருந்து மாறியதையும், பெரியவர்கள் நடைபாதையில் போய்ப் பேசுவதையும் வைத்துக் கூட்டிக்கொண்டார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாள் என்று தெரியாத மாதிரி நடித்தார்கள். பெற்றோரும் அதே நாடகத்தை நடித்தார்கள். ஸ்வீடனில் 1992 முதல் 1997 வரை புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் பின்னாளில் கேட்டார்கள். மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசிய 147 பேரில் ஒருவரும் அதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். 2004-இல் வெளியான இந்த எண்களைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. நான்கு வயதுக் குழந்தைக்குத் தேவை மூன்றே சேதி: தலைக்குள்ள ஒரு கட்டி இருக்கு, அதுக்குக் கட்டின்னுதான் பேரு; நீ எந்தத் தப்பும் செய்யலை; அம்மா இல்லாட்டி அப்பா, எப்பவும் கூட இருப்போம். கேட்டதற்கு மேல் ஒரு வாக்கியம்கூட வேண்டாம்.

டி.ஐ.பி.ஜி. போன்ற கட்டிகளில் இந்தப் பேச்சு இன்னும் கனமாகிறது. நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மகள் மூன்று வயது நிரம்பும் முன் 1962-இல் மூளைத்தண்டுக் கட்டியால் இறந்தாள். அன்றும் கதிர்வீச்சுதான், இன்றும் அதுவே முதல் வைத்தியம். சில மாதம் குழந்தையை நடக்கவும் சிரிக்கவும் வைத்துவிட்டு நோய் திரும்பும். 2025 ஆகஸ்டில் டோர்டாவிப்ரோன் என்ற மாத்திரைக்கு, வைத்தியத்துக்குப் பின் மீண்டும் வளரும் குறிப்பிட்ட மரபணு மாற்றமுள்ள கட்டிகளுக்காக, அமெரிக்கா அனுமதி தந்தது. அது சிலருக்கு அவகாசம் தருகிறது, குணம் என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் ரயன், எமி கிரீன் தம்பதி, ஒரு வயதில் மூளைக்கட்டி வந்து ஐந்து வயதில் இறந்த தங்கள் மகனைப் பற்றி ஒரு கணினி விளையாட்டையே உருவாக்கினார்கள், 2016-இல் வெளிவந்தது. அதில் ஒரு காட்சியில் ஆஸ்பத்திரி அறையில் குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. விளையாடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அழுகை நிற்பதில்லை. விளையாட்டு என்ற வடிவத்தின் முதல் விதியையே உடைத்து எழுதிய அந்த அப்பாவின் துணிச்சல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கீமோ காலம் நீளமானது, ஆனால் சொல்ல அதிகமில்லை. பெரும்பகுதி வீட்டு நர்ஸ் வேலை. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். வெள்ளணு இறங்கிய குழந்தைக்குக் கிருமி ரத்தத்தில் பரவ ஓர் இரவு போதும். வின்கிரிஸ்டின் மருந்து மலச்சிக்கலையும் பாதத் தளர்ச்சியையும் தரும். தினம் ஒருவர் சொல்லும் இலைச்சாறு, பொடி, லேகியத்தை மருத்துவரிடம் கேட்காமல் கொடுப்பது ஆபத்து. முடி கொட்டுவது மட்டும் நம் ஊரில் கொஞ்சம் இலேசு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ‘எந்தக் கோயிலுக்குப்பா மொட்டை?’ என்று கேட்பார். பல அப்பாக்கள் ‘பழனி’ என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

வீட்டில் விட்டுவிட்டு வந்த இன்னொரு பிள்ளையை வார்டில் யாரும் விசாரிப்பதில்லை. எழுத்தாளர் அலெக்சாண்டர் ஹேமோன், தன் கைக்குழந்தையின் மூளைக்கட்டிக் காலத்தைப் பற்றி 2011-இல் எழுதிய கட்டுரையில், அப்போது மூன்று வயதைத் தொடவிருந்த மூத்த மகள் கற்பனையில் ஒரு தம்பியை உண்டாக்கிக்கொண்டதைப் பதிவு செய்கிறார். கேட்ட சொற்களையெல்லாம் அந்த இல்லாத தம்பியின் கதையாக மாற்றிப் பேசிப் பார்த்திருக்கிறாள். நம் வீட்டுப் பிள்ளைகள் பாட்டியிடம் விடப்பட்டு ‘நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை’ என்று பெயர் வாங்கும்போது கொஞ்சம் கவலைப்படுவது நல்லது.

பணமும் இடமும் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் ரூ.5 லட்சம் வரை உண்டு. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் சலுகை உண்டு. வைத்தியம் பார்க்கும் ஊரில் ஆறு வாரம், ஆறு மாதம் தங்குவதற்கான வாடகையும், அப்பாவின் போன கூலியும் எந்தத் திட்டத்திலும் வராது. ஸ்வீடனில் கடும் நோயுள்ள பிள்ளைக்காக இரு பெற்றோரும் ஒரே சமயத்தில் நாள் வரம்பில்லாமல் உதவித்தொகையோடு விடுப்பெடுக்கலாம். இங்கே மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. கொத்தனாருக்கும் நாற்றங்காலில் நிற்பவளுக்கும் ஒரு நாளும் இல்லை. வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களை ‘அறியாமை’ என்று எழுதுகிறவர்கள் அவர்கள் பஸ் டிக்கெட்டைக் கூட்டிப் பார்க்கட்டும். 1974-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லமும், 2006-இல் மும்பையில் தொடங்கிச் சென்னை உட்பட வேறு நகரங்களுக்கும் வந்த செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் மையங்களும் குடும்பத்துக்கு ஓர் அறையும் அடுப்பும் தருகின்றன. அம்மா தன் கையால் ரசம் வைக்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

பெற்றோருக்கே பயிற்சி தரலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் புதிதாக நோய் கண்ட குழந்தைகளின் தாய்மார் 430 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2005-இல் வந்தது. எட்டு அமர்வு, ஒவ்வொன்றிலும் அன்றைய ஒரு நடைமுறைச் சிக்கலை எடுத்து, வழிகளை எழுதி, ஒன்றைத் தேர்ந்து செய்து பார்ப்பது. மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பதுகூட ஒரு சிக்கலாக இருக்கலாம். பயிற்சி பெற்ற தாய்மாரின் மனச்சோர்வு குறைந்தது. மனநல நிபுணர் இல்லாத மாவட்ட மருத்துவமனையிலும், வார்டில் பழகிய ஒரு மூத்த தாயையும் ஒரு சமூகப் பணியாளரையும் வைத்து இதைத் தமிழில் நடத்தலாம்.

வைத்தியம் முடிந்த நாளில் வார்டில் கேக் வெட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் வளர்ப்பின் நீண்ட பகுதி. கதிர் பட்ட மூளை கற்றதை மறப்பதில்லை. வயதொத்தவர்கள் கற்கும் வேகத்தில் புதிதாகக் கற்க முடியாமல் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பின்தங்குகிறது. அதிக அளவு கதிர் பெற்ற குழந்தைகளிடம் நுண்ணறிவு அளவெண் ஆண்டுக்கு 2 முதல் 4 புள்ளி இறங்கியதை ஆய்வுகள் கண்டன. இரண்டாம் வகுப்பில் சரியாக இருந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பில் திணறும்போது ‘சோம்பேறி’ என்கிறார் ஆசிரியர். தலைக்குள் நடந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சிஸ்பிளாட்டின் மருந்து கீச்சென்ற உயர் ஒலிகளைக் கேட்கும் திறனைக் குறைக்கிறது. கூப்பிட்டால் திரும்பும் குழந்தைக்கு வகுப்பில் ‘ச’வும் ‘ஸ’வும் கேட்பதில்லை. வளர்ச்சி ஹார்மோன் குறையும், தைராய்டு மந்தமாகும், முதுகெலும்பு வளராமல் உயரம் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை உண்டு, பெரும்பாலானவற்றுக்கு மருந்தோ கருவியோ உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரமும் சொல்வதை எழுத ஓர் ஆளும் கேட்டுப் பெறலாம்; அதற்கு மாற்றுத்திறன் சான்றிதழ் வேண்டும், ‘என் பிள்ளை மாற்றுத்திறனாளி இல்லை’ என்ற வீறாப்பில் பல அப்பாக்கள் அதை வாங்குவதில்லை.

எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், எத்தனை கிரே கதிர் எந்தப் பகுதிக்கு, ஷன்ட் எந்த வகை என்ற விவரத்தை ஒரே தாளில் எழுதி, வைத்தியம் முடியும் நாளில் மருத்துவமனை கையொப்பமிட்டுத் தர வேண்டும். சில நாடுகளில் அது வழக்கம். இங்கே கேட்டுப் பெற வேண்டும். இருபத்தைந்து வயதில் அந்தப் பிள்ளை வேறு ஊரில் வேறு மருத்துவர் முன் உட்காரும்போது, பழைய கோப்புகள் எங்காவது கரையானுக்குப் போயிருக்கும். அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்த அந்தத் தாளைப் பார்த்துத்தான் அடுத்த ஸ்கேனை எழுதுவார்கள்.